மோனலிசா பிரான்ஸுக்குப் போனது எப்படி? லுவார் நதிக்கரையில் டா வின்சியின் கடைசி 3 வருடங்கள்

1911 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. அங்கே முன்பு வேலை பார்த்த வின்சென்சோ பெருஜியா என்ற இத்தாலியத் தொழிலாளி, சுவரில் மாட்டியிருந்த மோனலிசாவைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் போலீஸ் தேடியது. படமோ பாரிஸிலேயே, அவர் தங்கியிருந்த அறையில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. 1913 டிசம்பரில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் அதை விற்கப் போனபோதுதான் மாட்டிக்கொண்டார்.

ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. மோனலிசா இத்தாலியின் சொத்து, நெப்போலியன் அதைக் கொள்ளையடித்துக்கொண்டு போனார், அதனால் சொந்த நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன் என்றார். இத்தாலியில் பலர் அவரை ஹீரோவாகவே பார்த்தார்கள். சில மாதச் சிறையோடு வெளியே வந்துவிட்டார்.

ஆனால் அவர் சொன்னது தப்பு. நெப்போலியன் பிறந்தது 1769-ல். அதற்கு சுமார் 250 வருடங்களுக்கு முன்பே மோனலிசா பிரான்ஸுக்கு வந்துவிட்டது. யாரும் திருடவில்லை. அதை வரைந்த லியோனார்டோ டா வின்சியே, தன் 64-வது வயதில், மற்ற சாமான்களோடு அதையும் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த வயதில் ஊரைவிட்டு ஏன் கிளம்பினார்? வந்து எங்கே தங்கினார்? அதற்கான பதில் பாரிஸில் இல்லை. அங்கிருந்து சுமார் 220 கி.மீ. தள்ளி, லுவார் நதிக்கரையில் இருக்கும் அம்புவாஸ் என்ற சின்ன ஊரில் இருக்கிறது.

யார் இந்த டா வின்சி?

1452 ஏப்ரல் 15-ம் தேதி, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் அருகே உள்ள வின்சி என்ற ஊர்ப்பக்கம் பிறந்தவர். 'டா வின்சி' என்பது குடும்பப் பெயர் இல்லை, வின்சி ஊர்க்காரர் என்றுதான் அர்த்தம். அப்பா பத்திரம் எழுதும் நோட்டரி. அம்மா கத்தரினா, சாதாரணக் குடும்பத்துப் பெண். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. முறைப்படி பிறக்காத பிள்ளை என்பதால் அப்பாவின் தொழிலுக்குள் அவரால் போக முடியாது. பெரிய படிப்பும் கிடைக்கவில்லை.

ஃபுளோரன்ஸில் வெரோக்கியோ என்ற கலைஞரின் பட்டறையில் சேர்ந்து தொழில் கற்றார். ஓவியம், சிற்பம், உலோக வேலை என எல்லாம் அங்கேதான். 1482 வாக்கில் மிலான் நகருக்குப் போய், அதை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்ட்சாவிடம் வேலைக்குச் சேர்ந்தார். 'கடைசி இராவுணவு' ஓவியம் அங்கேதான், ஒரு மடத்தின் சாப்பாட்டுக்கூடச் சுவரில் உருவானது.

திறமைக்குக் குறைவே இல்லை. முடிப்பதில்தான் பிரச்சினை. ஒன்றைத் தொடங்குவார், பாதியில் மனம் வேறொன்றுக்குப் போய்விடும். பறவை எப்படிப் பறக்கிறது, தண்ணீர் ஏன் சுழல்கிறது, இதயத்துக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டே போவார். அவர் வரைந்தவை என்று இன்று பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்ளும் ஓவியங்கள் 20-ஐத் தாண்டாது. அதிலும் சில பாதியில் நின்றவை.

மிலானில் பிரமாண்டமான வெண்கலக் குதிரைச் சிலை ஒன்று செய்ய ஒப்புக்கொண்டார். களிமண் மாதிரி தயாராகிவிட்டது. ஆனால் 1494-ல் போர்ப் பதற்றம் வந்ததும், சிலைக்கு வைத்திருந்த வெண்கலம் பீரங்கி செய்யப் போய்விட்டது. 1499-ல் பிரெஞ்சுப் படை மிலானைப் பிடித்தபோது, அந்தக் களிமண் குதிரையை வீரர்கள் அம்பு விட்டுப் பழகும் இலக்காக்கிவிட்டார்கள். பல வருட உழைப்பு மண்ணோடு மண்ணாகப் போனது.

ஸ்ஃபோர்ட்சா பிடிபட்டு, பிரான்ஸுக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்டார். 1508-ல் லோஷ் என்ற கோட்டைச் சிறையில் இறந்தார். அந்த லோஷ், பின்னாளில் டா வின்சி குடியேறப்போகும் அம்புவாஸிலிருந்து சுமார் 35 கி.மீ. தூரம்தான்!

ரோமில் என்ன நடந்தது?

மிலானை விட்ட பிறகு டா வின்சிக்கு நிலையான இடம் என்று ஒன்று அமையவே இல்லை. வெனிஸ் போனார். ஃபுளோரன்ஸ் திரும்பினார். செசாரே போர்ஜியா என்ற தளபதிக்குப் போர்ப் பொறியாளராகக் கொஞ்ச நாள் இருந்தார். 1503 வாக்கில் ஃபுளோரன்ஸ் பட்டு வியாபாரி ஒருவரின் மனைவி லிசாவை வரையத் தொடங்கினார். அதுதான் மோனலிசா. அந்தப் படத்தை வியாபாரியிடம் கொடுக்கவே இல்லை. ஊர் ஊராகக் கூடவே எடுத்துக்கொண்டு அலைந்தார், கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே இருந்தார்.

1513-ல் ரோம். போப் பத்தாம் லியோவின் தம்பி ஜூலியானோ டி மெடிச்சி அவருக்கு வாடிகனில் தங்க இடம் கொடுத்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வருடம்தான் மைக்கேலேஞ்சலோ சிஸ்டைன் ஆலயக் கூரையை முடித்திருந்தார். ரஃபேல் போப்பின் அறைகளை வரைந்துகொண்டிருந்தார். பெரிய வேலை எல்லாம் இளையவர்களுக்கே போனது. 60 வயதைத் தாண்டிய டா வின்சிக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரவில்லை.

போப் கொடுத்த ஒரு சின்ன வேலைக்கும், படத்தைத் தொடங்கும் முன்பே கடைசியில் பூச வேண்டிய வார்னிஷைக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டாராம். முடிவைப் பற்றி முதலிலேயே யோசிக்கிற இந்த ஆள் எதையும் செய்யப்போவதில்லை என்று போப் சலித்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. உடற்கூறு படிக்கப் பிணங்களை அறுத்ததையும் யாரோ போப்பிடம் போட்டுக்கொடுக்க, அந்த ஆராய்ச்சிக்கும் தடை வந்தது. 1516 மார்ச்சில் ஜூலியானோவும் இறந்துவிட்டார். இருந்த ஒரே ஆதரவும் போய்விட்டது.

உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது என்பார்கள். டா வின்சி விஷயத்தில் நடந்தது அதுதான்.

22 வயது மன்னர் கூப்பிட்டது ஏன்?

பிரான்ஸில் 1515 ஜனவரியில் முதலாம் பிரான்சிஸ் அரியணை ஏறினார். அப்போது வயது 20. அதே வருடம் செப்டம்பரில் மரிஞ்ஞானோ போரில் ஜெயித்து மிலானை மீண்டும் பிடித்தார். இத்தாலியின் ஓவியம், கட்டடம், தோட்டம், பேச்சு என எல்லாவற்றிலும் மயங்கிப்போனவர் அவர். அந்தக் கலையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார்.

டா வின்சியின் பெயர் பிரெஞ்சு அரசவைக்குப் புதிதல்ல. முந்தைய மன்னர் பன்னிரண்டாம் லூயி, 'கடைசி இராவுணவு' ஓவியத்தைச் சுவரோடு பெயர்த்து எடுத்துப்போக முடியுமா என்று விசாரித்ததாகச் சொல்வார்கள். சுவரைப் பெயர்க்க முடியவில்லை. பிரான்சிஸ் அதைவிடச் சுலபமான வழியைப் பிடித்தார். ஓவியரையே கூப்பிட்டுவிட்டார்.

1515-ல் லியோன் நகருக்கு மன்னர் வந்தபோது, டா வின்சி வடிவமைத்த இயந்திரச் சிங்கம் ஒன்று வரவேற்பில் இடம்பெற்றது. தானாக நடந்து வந்து, மார்பைத் திறந்து லில்லி மலர்களைக் காட்டியதாம். லில்லி பிரெஞ்சு அரச குடும்பத்தின் சின்னம்.

1516-ன் பிற்பகுதியில் டா வின்சி ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் பிரான்ஸுக்கு வந்தார். கூட வந்தவர்களில் முக்கியமானவர், மகன் மாதிரி இருந்த சீடர் பிரான்செஸ்கோ மெல்ஸி. கொண்டுவந்தவை ஆயிரக்கணக்கான பக்க நோட்டுகளும், மோனலிசா உட்பட சில ஓவியங்களும். இத்தாலியை அவர் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

அம்புவாஸில் என்ன கிடைத்தது?

பிரான்ஸின் மிக நீளமான நதி லுவார், சுமார் 1,000 கி.மீ. அந்தக் காலத்தில் மன்னர்கள் பாரிஸைவிட இந்த நதிக்கரைக் கோட்டைகளில்தான் அதிகம் தங்கினார்கள். பிரான்சிஸ் சிறுவயதில் வளர்ந்ததே அம்புவாஸ் கோட்டையில்தான்.

கோட்டையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தள்ளி, செங்கல்லும் வெள்ளைக் கல்லும் சேர்த்துக் கட்டிய ஒரு வீடு இருந்தது. அன்று அதன் பெயர் க்ளூ. இன்று க்ளோ லூசே. அந்த வீட்டை மன்னர் டா வின்சிக்குக் கொடுத்தார். மன்னரின் முதல் ஓவியர், பொறியாளர், கட்டடக் கலைஞர் என்ற பட்டம் வந்தது. வருடத்துக்கு 1,000 தங்க எக்கூ சம்பளம். மெல்ஸிக்குத் தனியாக 400.

பதிலுக்கு இத்தனை படம் வரைய வேண்டும், இந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று நெருக்கியதாகத் தெரியவில்லை. மன்னருக்கு வேண்டியிருந்தது பேச்சுத்துணை. நேரம் கிடைக்கும்போதெல்லாம் டா வின்சியோடு பேசிக்கொண்டிருப்பது அவருக்குப் பிடித்தமான விஷயம் என்று பின்னாளில் அந்த அரசவையில் வேலை பார்த்த இத்தாலியக் கலைஞர் செல்லினி எழுதி வைத்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க 'எப்போ முடிப்பீங்க' என்ற கேள்வியையே கேட்டு வந்த ஒருவருக்கு, அந்தக் கேள்வி இல்லாத வீடு கிடைத்தது 64 வயதில்!

கை ஓய்ந்த பிறகு என்ன செய்தார்?

1517 அக்டோபரில் அரகோனைச் சேர்ந்த கர்தினால் லூயிஜி அம்புவாஸுக்கு வந்து டா வின்சியைப் பார்த்தார். கூட வந்த செயலாளர் அந்தோனியோ டி பியாட்டிஸ் எழுதிய நாட்குறிப்புதான் அந்த நாட்களைப் பற்றி இன்று கிடைக்கும் முக்கியமான சாட்சி.

டா வின்சி மூன்று படங்களைக் காட்டினார். ஒரு ஃபுளோரன்ஸ் பெண்ணின் படம், இளம் வயது யோவான், மேரியும் குழந்தையும் புனித அன்னாவோடு இருக்கும் படம். முதலில் சொன்னது மோனலிசா என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 30-க்கும் அதிகமான உடல்களை அறுத்துப் பார்த்திருப்பதாகவும் வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

அதே குறிப்பில் வருத்தமான செய்தி ஒன்றும் இருக்கிறது. டா வின்சியின் வலது கை செயலிழந்துவிட்டது, இனி பெரிதாக எதுவும் வரைவார் என்று எதிர்பார்க்க முடியாது என்று செயலாளர் எழுதியிருக்கிறார். ஆனால் டா வின்சி இடது கைக்காரர். அவர் கோடு போடுவதும் எழுதுவதும் இடது கையில்தான். அதனால் கணக்கும் வரைபடமும் நிற்கவில்லை.

மன்னரின் தாய்க்காக ரொமொராந்தான் என்ற ஊரில் புது அரண்மனையும் நகரமும் அமைக்கத் திட்டம் போட்டார். வீதி, கால்வாய், தண்ணீர் ஓட்டம் எல்லாம் அதில் உண்டு. லுவார் நதியை சோன் நதியோடு கால்வாய் வெட்டி இணைக்கலாம் என்பதும் அவருடைய யோசனை. ரொமொராந்தான் திட்டம் கைவிடப்பட்டது. கால்வாய் மட்டும் நிஜமானது, 18-ம் நூற்றாண்டின் இறுதியில், வேறு பொறியாளர்கள் கையால்.

1518 ஜூனில் மன்னருக்காகத் தன் வீட்டிலேயே ஒரு விருந்து விழா நடத்தினார். முற்றத்துக்கு மேலே நீலத் துணியை வானம் மாதிரி விரித்து, நட்சத்திரங்களையும் கோள்களையும் அதில் அமைத்து, நூற்றுக்கணக்கான தீப்பந்தங்களை ஏற்றினார்கள். மிலானில் சுமார் 28 வருடங்களுக்கு முன்பு ஸ்ஃபோர்ட்சாவுக்காகச் செய்த விழாவின் மறுபதிப்பு அது.

அவருடைய கடைசிக் காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு பக்கம் லண்டனில் இருக்கிறது. முக்கோணங்களை வைத்து ஒரு கணக்கு. பாதியில் நின்றுவிடுகிறது. காரணத்தையும் அவரே அங்கே எழுதி வைத்திருக்கிறார்: சூப் ஆறிப்போகிறதாம்.

உயிலில் யார் யாருக்கு என்ன?

1519 ஏப்ரல் 23-ம் தேதி, 67 வயது முடிந்து எட்டு நாளில், டா வின்சி உயில் எழுதினார். நோட்டரியின் மகன் அல்லவா, எதையும் விடவில்லை.

எல்லா நோட்டுகளும், வரைகருவிகளும் மெல்ஸிக்கு.

மிலானில் இருந்த திராட்சைத் தோட்டம் பழைய சீடர் சலாய்க்குப் பாதி, பணியாள் பத்திஸ்தாவுக்குப் பாதி.

ஃபுளோரன்ஸில் போட்டு வைத்திருந்த பணம், அப்பாவின் வேறு மனைவிகளுக்குப் பிறந்த சகோதரர்களுக்கு.

வீட்டு வேலை பார்த்த மதுரின் என்ற பெண்ணுக்கு, உள்ளே ரோமம் வைத்துத் தைத்த நல்ல கறுப்புத் துணி அங்கி ஒன்றும், இரண்டு டூகாட் காசும்.

இறுதி ஊர்வலத்தில் 60 ஏழைகள் 60 மெழுகுவத்தி ஏந்தி வர வேண்டும், அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்.

1519 மே 2-ம் தேதி க்ளோ லூசே வீட்டில் இறந்தார்.

மன்னரின் மடியில் உயிர் பிரிந்ததா?

பிரான்சிஸ் மன்னர் தாங்கிப் பிடித்திருக்க, அவர் கையிலேயே டா வின்சி இறந்தார் என்று வசாரி என்ற இத்தாலியர் எழுதினார். 1818-ல் ஆங்க்ர் என்ற பிரெஞ்சு ஓவியர் அந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாகவே வரைந்துவிட்டார். அதனால் கதை நிலைத்துவிட்டது.

ஆனால் அந்த நாட்களில் மன்னர் பாரிஸ் அருகே சாங் ஜெர்மாங் ஆங் லே அரண்மனையில் இருந்ததாக ஆவணங்கள் காட்டுகின்றன. ஒரு மாதத்துக்கு முன்புதான் அவருக்கு அங்கே ஆண் குழந்தை பிறந்திருந்தது. அம்புவாஸிலிருந்து அங்கே போக, அன்றைய குதிரைப் பயணத்தில் நாள் கணக்கில் ஆகும். எனவே மடியில் இறந்த கதையை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அருகில் இருந்தவர் மெல்ஸிதான்.

எலும்புகள் எங்கே?

அம்புவாஸ் கோட்டைக்குள் இருந்த புனித ஃபுளோரன்டின் தேவாலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் அந்த தேவாலயம் சேதமானது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்தே விட்டார்கள். கல்லறைகள் கலைந்து போயின.

1863-ல் அந்த இடத்தைத் தோண்டியபோது ஒரு எலும்புக்கூடும், எழுத்து செதுக்கிய சில கல் துண்டுகளும் கிடைத்தன. அவை டா வின்சியுடையதாக இருக்கலாம் என்று முடிவு செய்து, கோட்டைக்குள்ளேயே உள்ள புனித ஹூபர்ட் சிற்றாலயத்தில் வைத்தார்கள். இன்று அங்கே கல்லறைக்கல் இருக்கிறது. கீழே இருப்பது உண்மையில் அவர்தானா என்பது இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

நோட்டுகளின் கதையும் அப்படித்தான். மெல்ஸி அவற்றை இத்தாலிக்கு எடுத்துப்போய், சுமார் 50 வருடம், தான் இறக்கும் வரை பொத்திப் பாதுகாத்தார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு மதிப்பு தெரியவில்லை. கட்டுக் கட்டாகச் சிதறின. தப்பிய ஒரு நோட்டைத்தான் 1994-ல் பில் கேட்ஸ் 3.08 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்.

சரி, மோனலிசா? மன்னரின் கணக்குப் பதிவில், 1518-ல் சில ஓவியங்களுக்காக சலாய்க்கு 2,600 லிவ்ருக்கு மேல் கொடுத்த குறிப்பு இருக்கிறது. மோனலிசா அப்படித்தான் மன்னர் கைக்குப் போயிருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். பிறகு ஃபோன்தேன்புளோ, வெர்சாய் அரண்மனைகள். புரட்சிக்குப் பிறகு லூவர். நெப்போலியன் செய்ததெல்லாம், கொஞ்ச காலம் அதைத் தன் படுக்கையறையில் மாட்டி வைத்ததுதான்.

இன்று அங்கே என்ன பார்க்கலாம்?

லுவார் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. டா வின்சியைத் தேடிப் போகிறவர்கள் நான்கு இடங்களைப் பார்க்கலாம்.

க்ளோ லூசே: அவர் இறந்த படுக்கையறை, சமையலறை, பட்டறை எல்லாம் பார்வைக்கு உண்டு. கீழ்த்தளத்தில் அவர் வரைபடங்களை வைத்துச் செய்த இயந்திர மாதிரிகள் இருக்கின்றன. வெளியே தோட்டத்தில் பெரிய அளவு மாதிரிகளை இயக்கியே பார்க்கலாம். குழந்தைகளோடு போனால் நேரம் போவதே தெரியாது.

அம்புவாஸ் கோட்டை: க்ளோ லூசேயிலிருந்து நடக்கும் தூரம். கல்லறை உள்ள சிற்றாலயம் இங்கேதான்.

லோஷ்: மிலானில் டா வின்சியை ஆதரித்த ஸ்ஃபோர்ட்சா கைதியாக இருந்த கோட்டை. அவர் இருந்ததாகச் சொல்லப்படும் அறையின் சுவரில் வண்ணப் பூச்சு இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஷம்போர்: அம்புவாஸிலிருந்து சுமார் 50 கி.மீ. 400-க்கும் அதிகமான அறைகள் கொண்ட இந்த மாளிகையின் வேலை தொடங்கியது 1519 செப்டம்பரில், டா வின்சி இறந்து நாலு மாதம் கழித்து. நடுவில் இருக்கும் படிக்கட்டுதான் விசேஷம். இரண்டு சுழல் படிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலே போகின்றன. ஒருவர் ஏறும்போது இன்னொருவர் இறங்கினால், இடையில் உள்ள திறப்புகள் வழியாக ஒருவரையொருவர் பார்க்கலாம். ஆனால் எதிரே சந்திக்கவே மாட்டார்கள். இந்த யோசனை டா வின்சியுடையது என்பதற்கு நேரடி ஆதாரம் இல்லை. அவர் நோட்டில் இதே மாதிரியான படிக்கட்டுகள் இருப்பதால், அவர் சாயல் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள்.

இந்த ஷம்போருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1939 ஆகஸ்ட் இறுதியில், இரண்டாம் உலகப்போர் தொடங்கப்போகிறது என்று தெரிந்ததும், லூவர் அருங்காட்சியகம் தன் ஓவியங்களை லாரிகளில் ஏற்றி பாரிஸை விட்டு அனுப்பியது. அவை முதலில் வந்து சேர்ந்த இடம் ஷம்போர். குண்டு விழாத இடம் தேடி வந்த அந்தச் சாமான்களில் மோனலிசாவும் இருந்தாள். 400 வருடங்களுக்கு முன்பு அவளை வரைந்தவர் அடைக்கலம் தேடி வந்ததும் இதே நதிக்கரைப் பக்கம்தான்.